நமுத்த பட்டாசும் நமுத்த அப்பளமும்

பங்குனிப் பொங்கலுக்கு வாங்கியதில் மிச்சமான அரைப் பாக்கெட் சரவெடி எங்கள் வீட்டுப் பரணில் ஏழு மாதம் கிடந்தது. தீபாவளியன்று எடுத்துக் கொளுத்தினோம். ஒன்றுகூடப் பிசகாமல் படபடவென்று பொரிந்து தீர்ந்தது. அந்தத் தீபாவளிக்குப் புதிதாக வாங்கியதிலும் அரைப் பாக்கெட் மிஞ்சியது. கார்த்திகைக்கு ஆகும் என்று அதே பரணில், அதே மூலையில் வைத்தோம். இடையில் ஒரு மாதம்தான். கார்த்திகை இரவில் திரியைப் பற்ற வைத்தால் நாலு வெடி வெடித்தது, பிறகு திரி புகைந்து அணைந்தது. மறுபடி பற்ற வைத்தபோது இரண்டு வெடி வெடித்தது, மற்றதெல்லாம் 'புஸ்'.

"கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டுட்டான்" என்றார் அம்மா. "நாளைக்கு மொட்டை மாடியில ஒரு வெயில் காட்டு, சரியாப் போகும்."

அம்மா சொன்ன இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று விளங்கினால், பட்டாசு எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

திருவேங்கடத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம்தான். தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், சங்கரன்கோவிலுக்கும் சிவகாசிக்கும் நடுவில் கிடக்கும் கரிசல் பூமி இது. குற்றாலத்தில் சாரல் விழும் நாளில் இங்கே காற்று மட்டும்தான் வரும். தீப்பெட்டியும் பட்டாசும் பலருக்குச் சோறு போடும் வட்டாரம். ஆனாலும் பட்டாசு எதனால் கெடுகிறது என்று கேட்டால் ஒரே சொல்தான் பதிலாக வரும்: நமுத்துப்போச்சு. அப்பளம் நமுக்கும், முறுக்கு நமுக்கும், தீப்பெட்டி நமுக்கும், பட்டாசும் நமுக்கும். சொல் ஒன்றுதான். உள்ளே நடப்பது மூன்று வேறு காரியங்கள். ஒன்று மீளக்கூடியது, ஒன்று மீளாதது, மூன்றாவது ஆபத்தானது.

மூச்சைத் தன்னோடு வைத்திருக்கும் பொடி

பட்டாசுக்குள் இருக்கும் பொடியை ஆலைகளில் 'மருந்து' என்பார்கள். மிகப் பழைய மருந்து கருமருந்து. நூறு பங்கில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்.

விறகு எரிய அடுப்புக்குக் காற்று வேண்டும். ஊதாங்குழலால் ஊதினால் தீ எழும்பும். காகிதத்துக்குள் இறுக்கி அடைத்த பொடிக்கு யார் ஊதுவது? அந்த வேலையைத்தான் வெடியுப்பு செய்கிறது. சூடானதும் தன்னுள் இருக்கும் ஆக்சிஜனை அவிழ்த்து விடுகிறது. ஆக்சிஜனைத் தந்து எரிப்பதால் இதற்கு ஆக்சிஜனேற்றி என்று பெயர். கரியும் கந்தகமும் எரிபொருள்கள். மருந்து என்பது விறகையும் காற்றையும் ஒரே பொட்டலத்தில் கட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டும் எவ்வளவு நெருக்கமாகக் கலந்திருக்கின்றன என்பது. ஒரு கரித்துகளும் ஒரு உப்புத்துகளும் தொட்டுக்கொண்டு இருந்தால்தான் தீ ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நொடிக்குள் தாவும். கரியை ஒரு குவியலாகவும் உப்பை ஒரு குவியலாகவும் வைத்துக் கொளுத்தினால் அடுப்புக்கரி எரிகிற மாதிரிதான் எரியும். அதனால்தான் கருமருந்து ஆலைகளில் கனத்த உருளைகளுக்கு அடியில் மணிக்கணக்காக அரைத்தார்கள். எடைகள் எல்லாம் சரியாக இருந்தும் அரைப்பு சரியில்லை என்றால் வெடிக்காது. இந்த நெருக்கத்தை நினைவில் வையுங்கள். ஈரம் கெடுப்பது இதைத்தான்.

உப்பு எப்போது வியர்க்கும்?

காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. அதைப் பேருந்துப் பயணிகள் என்று வைத்துக்கொள்வோம். பகல் வெயிலில் காற்று ஒரு பெரிய பேருந்து. இருக்கைகளில் பாதி காலியாகக் கிடக்கும். விடியற்காலையில் காற்று குளிரும்போது அதே பயணிகளை ஒரு மினி பஸ்ஸில் ஏற்றியது போல ஆகிவிடும். ஆள் கூடவில்லை, ஆனால் இடம் நிரம்பிவிட்டது. மொத்த இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். நூறு சதவீதம் ஆனால் இடமில்லாதவர்கள் இறங்குவார்கள். அதுதான் பனித்துளி.

மழைக்காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சமையலுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை சுத்தமான உப்பு உலர்ந்தே இருக்கும். அதைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். பள்ளிப் பாடநூல் இத்தகையவற்றை 'ஈரம் உறிஞ்சிக் கரையும் சேர்மங்கள்' என்கிறது. அந்த எல்லையை நாம் 'கசிவு வரம்பு' என்று அழைப்போம். ஒவ்வொரு உப்புக்கும் ஒவ்வொரு கசிவு வரம்பு. வெடியுப்புக்கு அது 92, 93 சதவீதம். அதன் உறவினனான சோடியம் நைட்ரேட்டுக்கு 74 சதவீதம்தான்.

இது எப்படித் தெரிந்தது? வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை. ஒரு கண்ணாடிச் சாடிக்குள் சிறு மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும்வரை கொஞ்சம் தண்ணீர் விட்டு, சாடியை இறுக மூடுங்கள். ஓர் இரவு கழித்து உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். காற்று அதிகம் காய்ந்தால் உப்புச்சேறு நீரை விடும், அதிகம் ஈரமானால் இழுத்துக்கொள்ளும். ஈரமானிகளைச் சரிபார்க்கக்கூட இந்த வித்தையைப் பயன்படுத்துகிறார்கள். வேறு வேறு உப்புச்சேற்றை வைத்து வேறு வேறு ஈரப்பதமுள்ள சாடிகள் செய்யலாம். அவற்றுக்குள் ஒரு பொருளை வைத்து நாள்தோறும் எடை பார்த்தால், எந்தச் சாடியில் எடை நிற்காமல் ஏறுகிறதோ அங்கே அதன் கசிவு வரம்பு தாண்டிவிட்டது என்று பொருள். நீங்கள் செய்வதானால் அதே 75 சதவீதச் சாடியில் ஒரு துண்டு முறுக்கையும், கொஞ்சம் சர்க்கரையையும், கொஞ்சம் வெல்லத்தையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். பட்டாசு வேண்டாம். சர்க்கரை அப்படியே இருக்கும். வெல்லம் பிசுபிசுக்கும். முறுக்கு நமுத்துவிடும்.

வெல்லமும் கரும்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று வேறு சரக்குகளும் கலந்திருக்கின்றன. கலப்பு கூடினால் கசிவு வரம்பு இறங்கும். வெடியுப்புக்கும் இதே விதி. ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் பிகாரிலும் உப்புப் பூத்த மண்ணைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். காய்ச்சியது சுத்தமாக இல்லையென்றால் சமையலுப்பும் சுண்ணாம்பு உப்புகளும் ஒட்டிக்கொண்டிருக்கும், மருந்து வெல்லம்போலக் கசியும். மீண்டும் மீண்டும் கரைத்துப் படிகமாக்கியதெல்லாம் இதற்காகத்தான்.

சோடியம் நைட்ரேட் மலிவாகத் தென் அமெரிக்காவில் கிடைத்தது. அதில் மருந்து செய்தால் இருப்பு வைக்க முடியாமல் நமுத்தது. 1857இல் அமெரிக்கரான லாம்மோட் டு பாண்ட், மருந்து மணிகளுக்குப் பென்சில் கரியான கிராபைட்டைப் பூசி மெருகேற்றி அதைச் சுரங்க வேலைக்குப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். அப்பளத்தை டின்னில் போட்டு மூடும் அதே யோசனைதான். மூடி மணிக்கு மணி தனித்தனியாக இருந்தது, அவ்வளவே.

நாட்காட்டி செய்த சதி

இப்போது பரணுக்கு வருவோம். வெடியுப்பின் வரம்பு 92 என்றால் 85 சதவீத ஈரத்தில் சரவெடிக்கு என்ன ஆகிவிடும்? உப்பு கரையாது என்பது உண்மை. ஆனால் கரி துளைகள் நிறைந்தது. சுற்றியுள்ள காகிதம் நார்களால் ஆனது. மருந்தை ஒட்டவைக்கப் போடும் பசை மாவுச்சத்து. இந்த மூன்றும் கசிவு வரம்பு எதற்கும் காத்திருப்பதில்லை. முறுக்கைப் போலக் காற்று ஈரமாக ஆகத் தாங்களும் ஈரமாகிக்கொண்டே போகும். மருந்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு நீர் ஏறினாலே எரியும் வேகம் குறையத் தொடங்கும். பச்சை விறகில் தீயின் சூடு முதலில் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறதல்லவா, அதே கதைதான். அடைமழை இரவுகளில் காற்று 95 சதவீதத்தைத் தொடும்போது வெடியுப்பும் கசியத் தொடங்கும்.

நம் பக்கம் மழை என்றால் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசியும் கார்த்திகையும். தீபாவளி விழுவது அந்த மழையின் வாசற்படியில். பங்குனியில் வாங்கிய சரம் சித்திரை, வைகாசி வெக்கையையும் ஆனி, ஆடிக் காற்றையும் தாண்டி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையை வாங்கிக்கொண்டு காய்ந்த காற்றை மட்டும் நமக்கு அனுப்பியது. ஏழு மாதமும் கோடைதான். தீபாவளியில் மிஞ்சிய சரமோ வாங்கிய மறுவாரமே ஆண்டின் மிக ஈரமான நாட்களுக்குள் போனது. கடைக்காரர் மேல் பிழையில்லை. பட்டாசின் வயதை மாதத்தில் எண்ணியதுதான் பிழை. அதை மழைக்காலத்தில் எண்ண வேண்டும். நமுத்து உலர்ந்த தடவைகளே அதன் வயது.

இந்த வட்டாரத்தில் இத்தொழில் வேர் பிடித்ததும் இதே காய்ந்த காற்றினால்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியது 1923இல். பட்டாசுத் தொழில் 1940களில் பெருகியது. விவசாயத்தைக் கைவிட வைத்த வானம், குச்சியையும் காகிதத்தையும் மருந்தையும் உலர்த்தித் தந்தது.

அந்த வறட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதிகம் காய்ந்த காற்றில் உடலிலும் உடையிலும் நிலைமின்சாரம் சேரும். நைலான் சேலை சடசடப்பது அதுதான். ஆலைக்குள் பருத்தி உடை வேண்டும், உள்ளே நுழையுமுன் பூமியோடு இணைத்த தகட்டைத் தொட வேண்டும் என்ற விதிகள் எல்லாம் இதை நினைத்துப் போட்டவை.

வெயில் காட்டினால் என்ன ஆகும்?

நமுத்த அப்பளத்தை வெயிலில் போட்டால் மீண்டும் மொறுமொறுக்கும். அதில் நடந்தது நீர் ஏறியது, அவ்வளவுதான். நீர் இறங்கினால் பழைய நிலை. பட்டாசிலும் காகிதமும் கரியும் வெறுமனே ஈரம் குடித்திருந்தால் இது நடக்கும். லேசாக நமுத்தது உலர்ந்ததும் வெடிப்பது இதனால்தான். அந்த அளவுக்கு அம்மாவின் அனுபவம் பொய்யில்லை.

வெடியுப்பு ஒரு தடவை கரைந்துவிட்டால் கதை வேறு. பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூப்பதை நினைத்துப் பாருங்கள். சுவருக்குள் இருந்த உப்பு ஈரத்தில் கரைந்து, நீரோடு வெளிப்பக்கம் நகர்ந்து, நீர் ஆவியானதும் மேற்பரப்பில் வெள்ளையாகப் படிகிறது. நனைந்த மருந்து உலரும்போதும் இதே பயணம் நடக்கிறது. உப்பு மட்டும் கரைந்து ஓரத்துக்கு நகர்ந்து பெரிய படிகங்களாக உட்காரும். கரியும் கந்தகமும் நீரில் கரையாதவை, இருந்த இடத்திலேயே நிற்கும். மணிக்கணக்காக அரைத்துச் செய்த நெருக்கம் போயே போய்விட்டது. எடைபோட்டால் ஒரு குறையும் தெரியாது. ஒரு துளி ஈரமும் இருக்காது. ஆனால் வெடிக்காது. சண்டை போட்டுக்கொண்டு வீட்டின் இரு அறைகளில் உட்கார்ந்திருக்கும் தம்பதி மாதிரி, ஆள் கணக்கு சரி, பேச்சு இல்லை.

இதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பீரங்கிக்காரர்கள் அனுபவத்தில் கண்டார்கள். அன்றைய மருந்து மாவு போன்ற பொடி. வண்டியில் கொண்டுபோகும்போது குலுங்கிக் கனமானவை அடியிலும் இலேசானவை மேலேயும் பிரிந்தன. ஈரமும் சீக்கிரம் பிடித்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதை ஈரமாக்கிப் பிசைந்து, மணிகளாக உடைத்து உலர்த்தினார்கள். ஒவ்வொரு மணிக்குள்ளும் மூன்றும் கட்டுண்டு கிடந்தன. ஈரம் படும் பரப்பும் குறைந்தது. இன்றும் சிவகாசிப் பக்கம் உருட்டி மணியாக்கிய கலவைக்கு 'மணி மருந்து' என்றுதான் பெயர்.

வெயில் காட்டுவதில் இன்னொரு சங்கடம் காகிதம். வெடியின் சத்தம் பாதி மருந்தினால், பாதி இறுக்கத்தினால். அதே மருந்தைத் தரையில் கொட்டிக் கொளுத்தினால் 'சுர்' என்று பளிச்சிட்டுப் போகும். அணுகுண்டு வெடியில் சணலைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவது இதற்காகத்தான். நனைந்து ஊறிய காகிதச் சுருள் உலர்ந்தாலும் பழைய இறுக்கம் திரும்பாது. மருந்து நன்றாக இருந்தும் 'புஸ்' ஆவது இப்படி.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முதுமை அடையும்

முதலில் கெடுவது பெரும்பாலும் திரி. அது மெல்லியது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, எளிதில் ஈரம் படுவது. உள்ளே மருந்து இளமையாக இருந்தாலும் வாசலில் வழி அடைபட்டுவிடும். பாதி எரிந்து அணைந்த திரி உள்ளே கனன்றுகொண்டே இருக்கக்கூடும். குனிந்து பார்ப்பவர்களின் கண்கள் போவது இந்த இடத்தில்தான். அணைந்த வெடியின் பக்கத்தில் போகாதே என்று பெரியவர்கள் சொல்வது பழைய பட்டாசுக்கு இருமடங்கு பொருந்தும்.

கம்பி மத்தாப்பு துருவால் கெடும். அதில் சிதறும் பொறிகள் எரியும் இரும்புத் தூள். இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு நொடியில் சேர்ந்தால் பொறி. பரணில் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சேர்ந்தால் துரு. துருப்பிடித்த தூள் ஏற்கெனவே எரிந்து முடித்த சாம்பல் மாதிரி, மறுபடி எரியாது. மருந்தில் உள்ள உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். இரும்புத் தூளுக்கு மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ பூசுவது வாணத் தொழிலின் பழைய வழக்கம். மத்தாப்பின் மேல் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சு தோற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

ராக்கெட்டுக்கு எதிரி வெடிப்புக் கீறல். அதன் மருந்து இறுக்கி அடைத்த ஒரே கட்டி. மேற்பரப்பிலிருந்து அளவாக எரிந்து உந்தித் தள்ளும்படி செய்யப்பட்டது. பகல் சூட்டில் விரிந்தும் இரவில் சுருங்கியும், ஈரத்தில் ஊதியும் வெயிலில் வற்றியும், கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதுபோல அதில் கீறல் விழும். கீறலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு திடீரென்று பெருகும். மேலே போக வேண்டியது கையருகிலேயே வெடிக்கும். நமுத்த சரவெடி ஏமாற்றும், ஆனால் பழைய ராக்கெட் தாக்கும்.

ஈரமே படாவிட்டால் மருந்து எத்தனை காலம் தாங்கும்? இதற்கு வரலாறு தற்செயலாகச் சில சோதனைகள் செய்து வைத்திருக்கிறது. 2013 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் ஒரு பழைய பீரங்கியின் துருவைச் சுரண்டியபோது, குழலுக்குள் குண்டும் முக்கால் கிலோவுக்கு மேல் கருமருந்தும் அடைத்தபடியே இருந்தன. 1780இல் மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல் ஒன்றின் பீரங்கி அது என்று கருதுகிறார்கள். மருந்து உயிரோடுதான் இருந்தது என்று சொல்லிக் காவல்துறை அதை அகற்றியது. 2008இல் வர்ஜீனியாவில் நடந்தது சோகம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர், 140 ஆண்டுப் பழைய மருந்து வெடித்து இறந்தார். இரும்புக்குள் அடைபட்டு உலர்ந்திருந்தால் கருமருந்துக்கு முதுமையே கிடையாது. பழசாகிவிட்டது, இனி என்ன செய்யும் என்ற நினைப்புக்கு இந்த இரண்டும் பதில்.

மூன்றாவது நமுப்பு

இதுவரை சொன்னவற்றில் ஈரத்தால் பட்டாசு பலமிழந்தது. சில கலவைகளில் ஈரம் அதைத் தூண்டிவிடும்.

இன்றைய சத்தவெடிகளிலும் மத்தாப்புகளிலும் பளபளக்கும் சாம்பல் நிறப் பொடி அலுமினியம். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று போர்த்தியிருக்கும், அது உள்ளே இருப்பதைக் காக்கும். நைட்ரேட் உப்புடன் ஈரம் சேர்ந்தால் அந்தத் தோல் அரிபடலாம். பிறகு அலுமினியமும் நைட்ரேட்டும் நீரும் மெல்ல வினைபுரிந்து சூட்டையும் அம்மோனியாவையும் வெளிவிடும். அம்மோனியா ஒரு காரம். அது தோலை மேலும் அரிக்கும். வினை தன்னைத் தானே வேகப்படுத்திக்கொள்ளும். பத்து டிகிரி சூடு ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. வினையால் சூடு, சூட்டால் வினை.

களத்துமேட்டில் இதை நாம் அறிவோம். ஈரத்தோடு போட்ட வைக்கோல் போருக்குள் கையை விட்டால் வெந்நீர் போலச் சுடும். அங்கே சூட்டைக் கிளப்புவது நுண்ணுயிர்கள், இங்கே அலுமினியம். சூடு வெளியே போக வழியில்லாமல் நடுவில் தேங்குவது இரண்டுக்கும் பொது. ஆலையில் மத்தாப்பு மருந்தைக் குழைக்கும்போது போரிக் அமிலம் சேர்ப்பது, இந்த வினையைத் தொடங்கவிடாமல் தடுக்கத்தான். கேரம் பலகையில் தூவுகிறோமே, அதே வெள்ளைப் பொடி. குழைத்த மருந்தை மிச்சம் வைத்துவிட்டுப் போகக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

வீட்டில் காகிதத்துக்குள் இருக்கும் சிறு வெடி இப்படித் தானாகப் பற்றுவது அரிது. ஆனால் நனைந்த பட்டாசைக் குவியலாக உச்சிவெயிலில் வைப்பதோ, தோசைக்கல்லில் உலர்த்துவதோ அந்த அரிதானதற்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது. காய்ந்த பட்டாசு வெயிலுக்கே பற்றிவிடுமா என்றால், இல்லை. வெடிபொருள்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் சோதனையில் 75 டிகிரி சூட்டில் 48 மணி நேரம் வைத்தும் பற்றக் கூடாது என்பது விதி. ஈரமும் சூடும் சேர்வதுதான் வேறு கணக்கு. பட்டாசு மூட்டையிலிருந்து மூத்திர வாடை போல அம்மோனியா நெடி வந்தால், உள்ளே வினை தொடங்கிவிட்டது.

இதைவிடக் கொடிய ஜோடி ஒன்று இருந்தது: குளோரேட் என்ற ஆக்சிஜனேற்றியும் கந்தகமும். கந்தகம் ஈரக்காற்றில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலத்தை உண்டாக்கும். ஒரு துளி அமிலம் குளோரேட்டில் பட்டால் போதும். யாரும் தொடாமலே கிடங்கு பற்றும். பிரிட்டன் இந்தக் கலவையை 1894இல் தடை செய்தது. இந்தியாவில் 1992இல் தடை வந்தது. உரிமம் இல்லாத நாட்டு வெடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். 2021 தீபாவளி நாளில் விழுப்புரம் மாவட்டம் கோட்டக்குப்பத்தில் நாட்டு வெடி மூட்டையோடு இருசக்கர வண்டியில் போன தந்தையும் 7 வயது மகனும் சாலையிலேயே உயிரிழந்தார்கள். தீக்குச்சியோ திரியோ அங்கே தேவைப்படவில்லை. பிள்ளைகள் துப்பாக்கியில் போடும் கேப் வெடியும் உரசலுக்குப் பற்றும் இனம். அதைச் சட்டைப்பையிலோ மற்ற வெடிகளோடோ வைக்கலாகாது.

பரணா, வாளியா?

ஆக, கணக்கு இது. உறை பிரிக்காமல், ஈரம் படாமல் ஒரு மழைக்காலம் தாண்டிய நல்ல பட்டாசு அடுத்த ஆண்டும் வெடிக்கும். பிரித்து வைத்தது, சுவரோரம் கிடந்தது, ஒழுகிய பரணில் இருந்தது எதையும் நம்ப வேண்டாம்.

வைத்தே ஆக வேண்டுமென்றால், வந்த அட்டைப்பெட்டியோடே பாலித்தீன் உறையில் கட்டித் தரைக்கும் சுவருக்கும் எட்ட வைக்கலாம். பாலித்தீன் ஈரத்தை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். நமுத்து உலரும் சுற்றுகள் குறையும். இரும்பு ட்ரங்குப் பெட்டி கூடாது. சணல் சுற்றிய வெடியில் பார்த்த அதே இறுக்கத்தைப் பெட்டியும் தரும், வெடித்தால் தகரமே சிதறி வரும். அடுப்படி, விளக்கு மாடம், இன்வெர்ட்டர், வண்டி நிற்கும் இடம், ஓட்டுக்கும் தகரத்துக்கும் நேர் கீழே என்ற இந்த ஐந்தையும் விட்டால் நம் சிறிய வீடுகளில் மிஞ்சும் இடம் அதிகமில்லை. அளவாக வாங்கி அன்றே தீர்ப்பதுதான் இதில் மலிவான வழி.

நமுத்ததை என்ன செய்வது? அடுப்பில் போடக் கூடாது, குப்பையோடு கொளுத்தக் கூடாது, பிரித்து மருந்தைக் கொட்டவும் கூடாது. திறந்தவெளியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர், அதில் முழுக்க மூழ்கும்படி ஓர் இரவுக்கு மேல். கொஞ்சம் ஈரம் ஆபத்து என்று சொல்லிவிட்டு நிறைய ஈரத்தைச் சொல்கிறேனே என்று தோன்றும். வாளித் தண்ணீரில் உப்பு கரைந்து பிரிந்து போகிறது. எழும் சூட்டையும் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. குழையும் அளவு ஈரத்தில் இந்த இரண்டுமே நடப்பதில்லை. மாடு கன்று வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மத்தாப்புகளில் பேரியம் உப்பு இருக்கும், அது நஞ்சு. பட்டாசில் அதை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தது. கிணற்றோரம் கொட்டவும் வேண்டாம். மூட்டைக்கணக்கில் பழசு கிடந்தால் தீயணைப்பு நிலையத்திடம் விடுவதே சரி.

எங்கள் கார்த்திகைச் சரத்தையும் அப்படித்தான் வாளியில் போட்டோம். இரண்டு நாள் கழித்து ஊறிய காகிதத்தை எடுத்துவிட்டு, கொல்லையில் ஒதுக்குப்புறமான கல்லின் மேல் தண்ணீரைச் சாய்த்தோம். மழை விட்ட ஒரு மதியம் கல் காய்ந்தது. நடுவில் கரியும் அலுமினியமும் சாம்பல் திட்டாக ஒட்டியிருந்தன. சுற்றிலும் ஓரத்தில், பழைய சுவரில் பூப்பதுபோல, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அம்மா குனிந்து பார்த்தார்.

"இப்படித்தான் உள்ளுக்குள்ளயும் பிரிஞ்சு கிடந்துச்சா?" என்று கேட்டார்.